ஓடைத் தும்பிகள்: எது எதோடு குழம்பும்? (நீலகிரி, பழனி மலை அனுபவங்கள்)

குன்னூர் சரிவிலிருந்து:

பர்லியார், கல்லாறு பக்கம் ஓடைப் பாறையில் உட்காரும் நீலத் தும்பியை எல்லாம் ஒரே பெயரில் பதிவதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தப்பு. ஒரே ஓடையில் மூணு வகை கலந்து உட்காரும். ட்ரைதெமிஸ் ஃபெஸ்டிவா சிறுசு. பின் இறக்கை சுமார் 3 செ.மீ., உடம்பு முழுக்கக் கருநீலம், வால் ஒல்லி. ஆர்த்தெட்ரம் டிரையாங்குலாரே பெருசு. இறக்கை 4 செ.மீ. பக்கம் வரும். மார்பு கறுப்பு, வாலின் நடு வெளிர்நீலம், வாலின் பத்துக் கண்டங்களில் (வளையத் துண்டுகளில்) கடைசி மூணு (8, 9, 10) மையில் தோய்த்தெடுத்த மாதிரி கறுப்பு. ஆர்த்தெட்ரம் கிளாக்கமில் மார்பிலும் நீலம் பூத்திருக்கும், 8ஆம் கண்டத்திலிருந்தே தொடங்கும் அந்தக் கறுப்பு வெட்டு இருக்காது.

பின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் உள்ள திட்டை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். ஃபெஸ்டிவாவுக்கும் டிரையாங்குலாரேவுக்கும் கரும்பழுப்புத் திட்டு உண்டு. கிளாக்கமுக்குச் சின்னதாகத் தேன்நிறக் கறை. திட்டே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் ஆர்த்தெட்ரம் லூசோனிக்கமா என்று பாருங்கள்.

கண்டம் எண்ணும்போது மார்புப் பக்கமிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டும் மார்போடு ஒட்டி ஏமாற்றும். இணையைப் பிடிக்கும் கொக்கிகள் முளைக்கும் குட்டைக் கண்டம் 10. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

கோத்தகிரியிலிருந்து, மேலே சொன்னதோடு ஒன்று:

ஆண்களின் அந்த நீலம் தோலின் நிறமே அல்ல, மேலே படியும் மெழுகு மாவு. இளம் ஆணுக்கு அது படிந்திருக்காது; பெண் மாதிரி மஞ்சள் பழுப்பாகத் திரியும். இணை சேரும்போது பெண்ணின் கால் உரசி, முதிர்ந்த ஆணின் வாலிலும் மாவு உதிரும். நடு வாலில் ஒழுங்கில்லாத கருங்கீறல் தெரிந்தால் அது உரசல். டிரையாங்குலாரேவின் கறுப்பு கோடு போட்டது போல 8இல் தொடங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வந்த படங்கள்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். ஃபிளாஷ் போட்டால் மாவு வெளுத்து எல்லாமே ஒரே நீலமாகிவிடும், தவிர்த்துவிடுங்கள்.

பெரியகுளம், கும்பக்கரைப் பக்கமிருந்து:

சிவப்பு வால், பின் இறக்கையின் நுனிப்பகுதி கறுப்பு, அருவிப் பாறை ஓரம். இதைப் பார்த்ததும் யூஃபேயா என்ற ஊசித்தும்பிப் பேரினம் என்று சொல்லிவிடலாம், தப்பில்லை. எந்த யூஃபேயா என்பதுதான் வேலை. முதலில் எந்த மலையில் நிற்கிறோம் என்று பாருங்கள்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, அதாவது நீலகிரியில், டிஸ்பார், தெற்கே கார்டினாலிஸ். ஃபிரேசெரி இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே பழனி மலையில் எடுத்த படத்துக்கு டிஸ்பார் என்று பெயர் போட்டால் ரொம்ப யோசிக்க வேண்டும்.

நீலகிரிக்காரர்களுக்கு: டிஸ்பாருக்கு வாலின் முதல் இரண்டு கண்டங்களின் பக்கவாட்டில் மஞ்சள் திட்டு இருக்கும், ஃபிரேசெரிக்கு இருக்காது. மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. கேமராவைப் பாறை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் எடுங்கள். தெற்கே ஃபிரேசெரியையும் கார்டினாலிஸையும் பிரிக்க உடல் அளவும் உதவும், கார்டினாலிஸ் பெரியது. அளவு தெரிய, அது பறந்த பிறகு உட்கார்ந்த இடத்தில் ஸ்கேலை வைத்து இன்னொரு படம். பெண் தனியாகக் கிடைத்தால் யூஃபேயா என்பதோடு நிறுத்துங்கள். இணையோடு இருந்தால் மட்டும் ஆணை வைத்துப் பெயர்.

நிழலோரப் பச்சை ஊசித்தும்பி வெஸ்டாலிஸில் இறக்கை நுனி கறுத்திருந்தால் அபிகாலிஸ், தெளிவாக இருந்தால் கிராசிலிஸ் என்பார்கள். இறக்கை இன்னும் பளபளவென்று மெத்தென்றிருக்கும் புதுசுகளில் அபிகாலிஸின் நுனியும் வெளிறியே இருக்கும். அதைப் பார்த்து கிராசிலிஸ் என்று எழுதாதீர்கள்.

கூடலூரிலிருந்து ஒரு கேள்வி:

ஆற்றின் நடுவே மேலும் கீழும் ஓயாமல் ரோந்து போகிறதே, உட்காரவே மாட்டேன் என்கிறதே, அதை என்ன செய்வது?

கும்பக்கரைக்காரரே மறுபடி:

பளபளக்கும் கரும்பச்சை உடம்பு, மஞ்சள் வளையங்கள், நீளக் கால், இரண்டு கண்ணும் நடுவில் ஒட்டியிருந்தால் மேக்ரோமியா. கண்கள் விலகியிருந்தால் கோம்ஃபிட் குடும்பம். மேக்ரோமியாவில் இனத்தைப் பிரிக்க ஆணின் வால் கொக்கிகளும் 2ஆம் கண்டத்தின் கீழ்ப்புறமும் தெரிய வேண்டும். பறக்கும் படத்தில் அது நடக்காத காரியம். 'மேக்ரோமியா, இனம் தெரியவில்லை' என்று போட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெயில் ஏறியதும் ஓடையோர மரநிழலில், குச்சியில் செங்குத்தாகத் தொங்கும்; அப்போது கொக்கியை மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று எடுத்துவிடுங்கள்.

குன்னூர்க்காரர்:

தாழ்வான ஆறுகளில் குச்சி நுனியில் உட்காரும் மஞ்சள் கறுப்பு கோம்ஃபிட் எல்லாம் இக்டினோகோம்ஃபஸ் ரேபாக்ஸ் அல்ல. 8ஆம் கண்டத்தின் இரு பக்கமும் இலை மாதிரி விரிந்திருந்தால்தான் அது. இல்லையென்றால் கோம்ஃபிடியாவா என்று பாருங்கள். கையில் பிடித்துப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: காப்புக்காட்டுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும், பிடிப்பதற்குத் தனியாக. புதுசாக வெளிவந்ததை அனுமதி இருந்தாலும் தொடாதீர்கள், இறக்கை மடங்கினால் மறுபடி நேராகாது.