ரோட்டில் ஓடும் காரை டிராக்குக்குத் தயார் செய்தவர்கள் செலவுக் கணக்கோடு எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். வீட்டிலிருந்து ஓட்டிப் போய், நாள் முழுக்க ரேஸ் டிராக்கில் விரட்டிவிட்டு, அதே காரில் திரும்பி வர வேண்டும். நம்பர் பிளேட், சைலன்சர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஹேண்ட் பிரேக் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். இப்படி ஒரு காரைத் தயார் செய்ய எவ்வளவு ஆகும் என்று யார் கேட்டாலும், கார் வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் காரின் விலைக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. மிச்சத்தில் ஒரு பங்கு, வாங்கிய காரை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவரவே கரைந்துவிடும். சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங், என்ஜின் மவுன்ட், ரேடியேட்டர் ஓஸ் என்று ரோட்டில் வருடக்கணக்கில் சத்தம் போடாமல் இருந்த தேய்மானமெல்லாம் டிராக்கில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் பிரேக், டயர், கூலிங், சீட். இதெல்லாம் போக ஒரு வருடம் ஓட்டுவதற்கான செலவைத் தொடாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், பிரேக் பேட், டயர், ஆயில், பயிற்சியாளருக்குக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். பவர் கூட்டுகிற வேலைக்கு இந்தப் பட்டியலில் நான் இடம் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

ஏன் என்று கேட்டால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய, நல்ல சின்ன கார். அவர் முதலில் செய்தது டர்போ கிட். ரேடியேட்டர் பழையது, ஆயில் கூலர் கிடையாது, பிரேக் கம்பெனியிலிருந்து வந்தபடியே. நேர்பாதையில் எல்லோரையும் தாண்டிப் போவார், மூன்றாவது சுற்றில் டெம்பரேச்சர் முள் ஏறும், ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு ஜன்னலை இறக்கிக்கொண்டு ஊர்ந்து வருவார். அன்று அவர் ஓட்டியதைவிட பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். பக்கத்தில் ஒரு பையன், கம்பெனி என்ஜினோடு, நல்ல பேடும் டயரும் மட்டும் போட்டு, ஒரு செஷன் (டிராக்கில் இறங்கி ஓட்டும் ஒரு முறை) விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது பிரேக். எல்லோரும் பெரிய காலிப்பர் கிட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பேடை அழுத்துவதுதான் காலிப்பர். முதலில் வெப்பக் கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ கார், 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 72க்கு இறங்குகிறது. அந்த ஒரு மிதியில் சுமார் 10 லட்சம் ஜூல் வெப்பமாகிறது. நான்கு டிஸ்க்கும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், வெப்பம் வெளியே போகாவிட்டால் அந்த ஒரே மிதியில் டிஸ்க் 110 டிகிரி ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் கொஞ்சம் ஆறும், திரும்ப ஏறும். இந்தச் சூடு பேட் வழியாக காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அது 155 ஆனாலும் போதும் என்கிறது அதே விதி. ரேஸுக்கென்று வரும் டாட் 4 ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ், குமிழ் அமுங்கும், பெடல் கீழே போகும்.

எனக்கு ஒரு முறை போனது. நீளமான நேர்பாதையின் முடிவில் மிதித்தேன், கால் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. மறுபடி இரண்டு தடவை படபடவென்று அடித்ததும் பெடல் பாதியில் எழுந்து பிடித்தது. வளைவை விட்டுவிட்டு வெளியே இருந்த ஜல்லியில் இறங்கி நின்றேன். காருக்கு ஒன்றுமில்லை. வீல் நட்டுக்குள்ளிருந்துகூட ஜல்லி பொறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பெடல் தளர்ந்து உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு: முதலாவதுக்கு நல்ல ஆயில், இரண்டாவதுக்குச் சூடு தாங்கும் பேட். இரண்டுமே பெரிய காலிப்பர் கிட்டின் விலையில் சின்னப் பங்குதான்.

ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள். பிட்டுக்கு (டிராக் ஓரம் கார்களை நிறுத்தும் இடம்) வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கோடு பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் அதன் படிவு ஒட்டி, அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கோ பெடலோ உதறும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கட்டை வையுங்கள்.

* * *

மேலே எழுதியவர் எந்தக் கார் என்று தொடவே இல்லை. நான் தொடுகிறேன், ஏனென்றால் செலவில் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எடை. அவ்வளவுதான் விஷயம். அவர் போட்ட கணக்கையே 1600 கிலோ காருக்குப் போடுங்கள், ஒரு மிதிக்கு கிட்டத்தட்ட 17 லட்சம் ஜூல். டயருக்கும் அதே கதி. 300 குதிரைத்திறன் உள்ள கனமான செடான் வைத்திருக்கும் நண்பர் ஒருவரோடுதான் எப்போதும் போவேன். என்னுடையது பழைய மாஸ்டா மியாட்டா, திறந்த இரண்டு சீட் கார். 1989ல் வந்த மாடல், 1000 கிலோகூட இல்லை. நேர்பாதையில் அவர் என்னை விழுங்கிவிடுவார், வளைவுகளில் நான் பிடித்துவிடுவேன். அவர் முன் டயர் இரண்டு ஜோடி மாற்றும் காலத்தில் நான் ஒரு ஜோடியைத்தான் முடிக்கிறேன். பேடும் அப்படியே. வருடக் கடைசியில் அவர் செலவைப் பார்த்துவிட்டு அவரே என் காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டார்.

அதிகம் விற்ற காராகப் பாருங்கள். மியாட்டா 2016லேயே 10 லட்சம் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அதனால் பழைய பாகம், புதிய பாகம், டிராக்குக்கென்று செய்த பாகம் எல்லாம் கிடைக்கும், எந்த போல்ட் எங்கே துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும் என்பது முதற்கொண்டு யாராவது எழுதி வைத்திருப்பார்கள். 2012ல் வந்த டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் இரண்டும் இதே வழிதான், கூரையும் உண்டு. லோட்டஸ் எலீஸ் முதல் தலைமுறை 700 கிலோ சொச்சம், டிராக்கில் அதைவிட மலிவாக ஓடும் காரைத் தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனால் பாடி பாகம் உடைந்தால் மலிவு என்ற பேச்சு அதோடு முடிந்தது. கேட்டர்ஹாம் என்ற திறந்த சின்ன கார் மேல் ஆசை வருபவர்களுக்கு ஒன்று: 1957ல் லோட்டஸ் செவன் என்று பிறந்து 1973ல் கேட்டர்ஹாம் கைக்கு வந்த அதே வடிவம், ரோட்டில் ஓட்டலாம், ஆனால் மழையில் இரண்டு மணி நேரம் ஓட்டித் திரும்பிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும், நாளைக்கு அது சுவரில் மோதி நசுங்கினால் உங்கள் வீட்டுச் செலவு ஆட்டம் காணக் கூடாது. கடனில் வாங்கிய காரை டிராக்குக்குக் கொண்டுவருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

* * *

டயரையும் அலைன்மென்ட்டையும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) பற்றி நான் எழுதுகிறேன். பெரும்பாலோர் பணத்தைத் தெரியாமலே இங்கேதான் விடுகிறார்கள்.

கம்பெனி அலைன்மென்ட்டில் முன் சக்கரத்துக்கு நெகட்டிவ் காம்பர், அதாவது சக்கரத்தின் மேல் பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது, ரொம்பக் குறைவு. வளைவில் பாடி சாயும்போது டயரின் வெளி ஓரம் மட்டும் ரோட்டைத் தேய்க்கும். எங்கள் குழுவில் ஒருவருடைய புது டயர் ஒரே நாளில் வெளி ஓரம் மொட்டை, உள் பாதி புதுசு. டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். காம்பர் போல்ட், காம்பர் பிளேட் என்று ஒன்றைப் போட்டு முன்னால் மைனஸ் 2.5 டிகிரி பக்கம் கொண்டுவந்ததும் அதே ரக டயர் அவருக்குப் பல மடங்கு நாள் வருகிறது. ரோட்டில் உள் ஓரம் தேயாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் தேயும். ஆனால் ரோட்டில் டயரைச் சீக்கிரம் தின்பது டோ கோணம்தான் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தால் காம்பரோடு தினமும் ஓட்டலாம்.

காற்று அழுத்தம். குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்தீர்கள், உள்ளே காற்று 20 டிகிரியிலிருந்து 80க்குப் போனால் 39 காட்டும். அதனால் செஷன் முடிந்து வந்தவுடன், டயர் சூடாக இருக்கும்போதே அளந்து காற்றை இறக்குகிறோம். டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள், எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று பார்த்தால் டயர் எவ்வளவு மடங்கியது என்று தெரிந்துவிடும். சாயங்காலம் கிளம்பும் முன் திரும்பக் காற்று அடியுங்கள், அல்லது சின்ன ஏர் பம்ப் ஒன்றை டிக்கியில் வையுங்கள். சூட்டில் இறக்கியது ஆறினால் இன்னும் கீழே போய்விடும், அந்த அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

ரகம் என்றால் டிரெட்வேர் எண் (தேய்மானத்தைத் தாங்கும் அளவு, டயரிலேயே எழுதியிருக்கும்) 200 உள்ள டயர்கள் போதும், ரோட்டில் மழையிலும் சமாளிக்கும். செமி ஸ்லிக் (பள்ளக் கோடுகள் குறைந்த டிராக் டயர்) போட்டு ஓட்டிவந்து, திரும்பும் வழியில் மழை பிடித்து, லாரிகளே முந்திப் போகிற வேகத்தில் வீடு போய்ச் சேர்ந்தவரை எனக்குத் தெரியும்.

காரைத் தரையோடு தரையாக இறக்குவது வேறு கதை. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் உள்ள காரை அளவுக்கு மேல் இறக்கினால் கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகும், இரண்டுக்கும் இடைவெளி கூடும். அதனால் கார் இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். போட்டோவில் அழகாக இருக்கும், சுற்று நேரம் கூடும்.

* * *

பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

முழு ரோல் கேஜ், அதாவது காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு, போட்ட காரை ரோட்டில் ஓட்டாதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால், ரோட்டில் ஒரு சாதாரண மோதலே மண்டையை உடைத்துவிடும். ரோட்டிலும் ஓட வேண்டிய காருக்கு சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார் போதும், திறந்த காருக்கு அது கட்டாயம். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஒரு கம்பை வைத்துப் பார்ப்பார்கள், தலை அதைத் தாண்டக் கூடாது. உயரமானவர்கள் பார் வாங்கும் முன்பே இதைச் செய்து பாருங்கள்.

அதே மாதிரி ஹார்னஸ், அதாவது ரேஸ் கார்களின் பல பட்டை பெல்ட். கம்பெனி சீட்டில், கம்பெனி பெல்ட்டை எடுத்துவிட்டு, தோள் பட்டையைப் பின் சீட் போல்ட்டில் மாட்டுகிறார்கள். பட்டை கீழ்நோக்கி இழுத்தால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும். தோளுக்குச் சமமான உயரத்தில் பார், பக்கெட் சீட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி மூன்றும் சேர்ந்தால்தான் ஹார்னஸ். இல்லையென்றால் கம்பெனியின் மூன்று முனை பெல்ட்டும் ஏர்பேக்கும் மேல். ஹெல்மெட் கார் ரேஸுக்கான ஸ்னெல் எஸ்ஏ தர முத்திரை உள்ள ரகமாக இருக்கட்டும். பைக்குக்கான எம் ரகத்தில் தீத்தாங்கும் உள்துணி சோதனையும் ரோல் பாரில் மோதும் சோதனையும் கிடையாது.

சத்தம். பல டிராக்குகளில் நுழையும் முன்பே சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டரைப் பிடித்து, அதிகபட்ச ஆர்பிஎம்மில் முக்கால் பங்குக்கு என்ஜினை ஏற்றச் சொல்வார்கள். கட்டணம் கட்டிவிட்டு வாசலிலேயே திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் திரும்பாது.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பெரும்பாலும் இருக்கும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக், 20.8 கிலோமீட்டர், கட்டணம் கட்டினால் யாரும் ஓட்டலாம் என்று போகிறவர்கள் உண்டு. பொது நாட்களில் அங்கே சாலை விதிதான், நேரம் அளப்பது தடை, தடுப்பை இடித்தால் தடுப்பின் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

* * *

நல்ல பகிர்வுகள் சார். ஒரு கேள்வி. உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி எடை குறைக்கலாமா? ஏசியை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

* * *

ஏசியைத் தொடாதீர்கள் தம்பி. டிராக் முடிந்து வியர்வையில் ஊறி, களைப்போடு ஓட்டிப் போகும்போது அது கவனத்தைக் காப்பாற்றும். ஸ்டெப்னியை அன்றைக்கு மட்டும் பிட்டில் இறக்கி வையுங்கள், ஜாக்கி, மேட், கதவுப் பையில் உருளும் பாட்டில் எல்லாம் கட்டாயம் வெளியே. பின் சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் உங்கள் இடத்தில் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடை குறைப்பதில் பெட்ரோல் டேங்க்கையும் சிலர் காலியாக ஓட்டுகிறார்கள், அது வேண்டாம். கால் டேங்க்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும், என்ஜின் தடுமாறும். என்ஜின் ஆயிலையும் ஒவ்வொரு செஷனுக்கும் பாருங்கள். ஆயில் சூடு 130 டிகிரியைத் தொட்டால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

கொண்டுபோக வேண்டியது: டார்க் ரென்ச் (நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), காற்று அளவி, ஒரு செட் முன் பேட், ஒரு பாட்டில் பிரேக் ஆயில், இரண்டு லிட்டர் என்ஜின் ஆயில், டோ ஹூக் (காரைக் கட்டி இழுக்கும் கொக்கி). வீல் நட்டை மதியமும் கிளம்பும் முன்பும் கார் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் அடுத்த செஷனுக்குப் போகாதீர்கள். தேய்ந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேரே ஆயிலுக்கு அனுப்பும், தவிர வீட்டுக்குப் போகவும் அதே பேட்தான்.