கும்பகோணத்துல குடுக்குற காசுக்கு ஏத்த சாப்பாடு எங்க கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம், அடுத்த வாரம் அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் கும்பகோணம் வர்றோம், நவக்கிரக கோயில் எல்லாம் பாக்கணும், சாப்பாட்டுக்கு உங்க உதவி வேணும். போன தடவ ஒரு ஓட்டல்ல மீல்ஸ் 180 ரூபா, மூணு பேருக்கு 540, ஜிஎஸ்டி 27 சேத்து 567 ஆச்சு. காசு கூட பரவால்ல, ஆனா அப்பளம் நமுத்துப் போயி, ரசத்துல பெருங்காய வாசமே இல்ல, அப்பா மோருக்கு கொஞ்சம் சாதம் கேட்டப்ப லிமிடெட் மீல்ஸ்னு சொல்லிட்டாங்க, போர்டுல அப்படி போடவே இல்ல. அவரு ஒண்ணும் பேசாம இலைய மடிச்சிட்டு எந்திரிச்சிட்டாரு, வயல்ல நின்ன மனுஷன், நெல்லு வெளையுற ஊர்ல இப்படியான்னு எனக்கு மனசே ஆறல.

வாழையில, வயிறார சோறு, நல்ல வத்தக்கொழம்பு, புளிக்காத மோர், இவ்ளோதான் வேணும். ஏசி வேணாம், மெஸ்ஸா இருந்தாலும் சரி, வயசானவங்க ஏற படி மட்டும் கம்மியா இருக்கணும். நீங்க சமீபத்துல சாப்ட்ட எடமா சொல்லுங்க, மீல்ஸ் என்ன ரேட்டு, மறுசோறு உண்டான்னும் சேத்து போடுங்க. அப்புறம் இட்லிக்கு கடப்பா தினமும் போடுற கடை எதுங்க? பாசிப்பருப்பு உருளக்கெழங்கு போட்ட அந்த கடப்பாவ அம்மா ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க.