எடையை வகுப்பின் நடுவே வாசிக்கலாமா?

மூன்றாம்லயம்:
போன வாரம் மகளின் பள்ளியில் செகாக், அதாவது மலேசியப் பள்ளிகளில் நடக்கும் உடற்தகுதிச் சோதனை. படிவம் 3, வயது 15. ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி, எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொரு மாணவி எழுதியிருக்கிறாள். என் மகள் 62 கிலோ, 155 சென்டிமீட்டர். அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வருகிறது. நேற்றுத் திறந்தால் சோறு புளித்து, முட்டை கை படாமல் கிடந்தது. எடை பார்க்கட்டும்; ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன்.

செம்பனைக்காரன்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூடி மறைத்தே நாம் இந்த நிலைக்கு வந்தோம். மலேசியாவின் 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு 15.6 விழுக்காடு. இங்குள்ள இந்தியர்களிடம் 26 விழுக்காட்டுக்கும் மேல். லாரி ஓட்டிய என் அப்பாவுக்கு 52 வயதில் கால்விரலை எடுத்தார்கள். இளமையில் அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. பாட்டி விடியுமுன் எழுந்து ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டினார், தின்றது கரைந்தது. இன்றைய பிள்ளை பள்ளிப் பஸ், டியூஷன், இரவு பத்து மணிக்கு மேகி கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ், மைலோ ஐஸ். டின் பானத்துக்காவது 2019 முதல் சர்க்கரை வரி இருக்கிறது. கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தேத்தண்ணீருக்கு ஏது வரி? கொஞ்சம் வெட்கப்பட்டால்தான் குறைப்பார்கள்.

கங்சார்சாலை:
வெட்கப்பட்டால் குறைக்கமாட்டார்கள் தம்பி, ஒளிப்பார்கள். நான் அப்படி ஒளித்தவள். படிவம் 4-இல் பகலெல்லாம் பட்டினி கிடப்பேன். இரவில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் தின்று முடிப்பேன். எடை ஏறியது, மாதவிலக்கு தவறியது. இப்போதைய பிள்ளைகளுக்கு வேப் என்ற மின்சிகரெட்டும் கைக்கெட்டுகிறது. நிக்கோட்டின் பசியை மந்தமாக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022 தேசியச் சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடிப்பவர்கள்.
அக்கா, உங்கள் மகளின் உடல் நிறை எண், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ, 25.8. உலகச் சுகாதார நிறுவன அட்டவணைப்படி 15 வயதுப் பெண்ணுக்கு 23.5-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 28.2-ஐத் தாண்டினால்தான் உடற்பருமன். வளரும் பிள்ளை, பட்டினி வேண்டாம். இனிப்பு நீரைக் குறைத்தாலே நல்ல தொடக்கம்.

செம்பனைக்காரன்:
நீங்கள் பட்டது எனக்குத் தெரியாது அக்கா, வருத்தமாக இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளையிடமே சொல்ல வேண்டும். பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினால் அது பையிலேயே கிடக்கும்.

மூன்றாம்லயம்:
கடிதம் வந்தால் நான் படிப்பேன் தம்பி, எல்லா வீட்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள். வீட்டில் இனிப்புச் சிரப் போத்தலை எடுத்து வைத்துவிட்டேன், அவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். இன்று காலை ஒரு தோசை சாப்பிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன்.