பையன ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டு வீட்லயே படிக்க வைக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தறிவீடு:
வணக்கங்க. நாங்க ஈரோடு பக்கம். பையனுக்கு எட்டு வயசு, மெட்ரிக் ஸ்கூல்ல மூணாவது படிக்கறான். காலைல எழுப்புனாலே வயித்து வலிங்கறான், வேன் ஹாரன் கேட்டா அழ ஆரம்பிச்சிடறான், ஞாயித்துக்கிழமை மட்டும் வலியே வர்றதில்ல. போர்டுல எழுதிப்போடறத பாதிக்கு மேல எழுதிட்டு வர்றதில்லன்னு மிஸ் வகுப்புக்கு வெளிய நிக்க வைக்கறாங்க, டைரி பூரா செவப்பு மை. ஆனா அதே பையன் வீட்ல தாத்தா மடில உக்காந்து பேப்பர்ல பொடி எழுத்தக்கூட படிக்கறான், தறிக்கு எத்தன கோன் நூல் வேணும்னு மனக்கணக்கா சொல்றான். நான் எம்.எஸ்சி முடிச்சிருக்கேன், வேலைக்குப் போகல. ஹோம்ஸ்கூலிங் பண்ணலாம்னு எனக்கு தோணுது, வீட்டுக்காரரு பயப்படறாரு, "நாளைக்கு சர்டிபிகேட்டுக்கு எங்க போவ"ங்கறாரு. பண்ணவங்க நல்லது கெட்டது ரெண்டும் மறைக்காம சொல்லுங்க.

குளத்துக்காரி:
தோழி, கோயமுத்தூர்ல அஞ்சு வருஷமா பண்ணிட்டிருக்கேன். பொண்ணுக்கு இப்ப பதிமூணு. நாலாவதுல நிறுத்துனோம்.

மொதல்ல நல்லது. காலைல ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஒழுங்கா உக்காந்தா பாடம் முடிஞ்சிடுது, ஒத்தக் குழந்தைக்கு சொல்லித்தர அவ்ளோதான் ஆகும். மீதி நேரம் அவளுது. சிங்காநல்லூர் குளத்துக்கு அப்பாவோட போய் பறவைங்கள பாத்து நோட்டுல குறிக்க ஆரம்பிச்சா, அதுல இருந்து இங்கிலீஷ் வந்துச்சு, கணக்கு வந்துச்சு, மேப் பாக்க வந்துச்சு, எதையும் நான் திணிக்கல.

இப்ப கஷ்டம். நான் வேலைய விட்டேன், ஒரு சம்பளம் போச்சு. இந்தப் பேச்சுல யாரும் சொல்லாத விஷயம் அது, வீட்ல படிக்கறதுன்னா பெரும்பாலும் அம்மா வீட்ல இருக்கறதுன்னுதான் அர்த்தம். இன்னொன்னு, ஸ்கூல்ல மிஸ் திட்டுனா குழந்த அம்மாகிட்ட வந்து அழலாம். இங்க மிஸ்ஸும் நானே அம்மாவும் நானே, ஒருநாள் பின்னக் கணக்கு சொல்லித்தர்றப்ப நான் கத்திட்டேன், அவ போய் அழறதுக்கு ஆளே இல்ல, பாத்ரூம்ல போய் கதவ சாத்திக்கிட்டா. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அதுக்கப்பறம்தான் கணக்க மட்டும் பக்கத்து தெரு டீச்சர்கிட்ட விட்டேன். சாயங்காலம் சிலம்பம் கிளாஸ் போறா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, ஆனா அவங்க ஸ்கூல் கதை பேசறப்ப இவ சும்மா கேட்டுட்டு நிப்பா, அது எனக்கு இன்னும் வலிக்கும்.

சர்டிபிகேட்டுக்கு என்.ஐ.ஓ.எஸ் இருக்கு, மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி. 14 வயசு ஆனா பத்தாவது எழுதலாம், அஞ்சு பாடம், எல்லாத்தையும் ஒரே தடவைல எழுதணும்னு இல்ல, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒவ்வொண்ணா முடிக்கலாம். தமிழ் மீடியமும் உண்டு. ஸ்டேட் போர்டுலயே போகணும்னா 12½ வயசுல எட்டாவது தனித்தேர்வர், அப்பறம் பத்தாவது. வீட்டுக்காரர்கிட்ட இத காட்டுங்க.

மலைக்கோட்டை:
பயப்படாதீங்க சிஸ்டர். 2016ல மும்பை பொண்ணு ஒண்ணு பத்தாவது பன்னிரண்டாவது எதுவும் எழுதாமலே அமெரிக்கால எம்.ஐ.டில சேந்துச்சே. திறமை இருந்தா வழி தானா வரும்.

குளத்துக்காரி:
சகோ, அந்தப் பொண்ணு சர்வதேச கம்ப்யூட்டர் ஒலிம்பியாட்ல மூணு மெடல் வாங்குன பொண்ணு. அப்படியும் பன்னிரண்டாவது இல்லன்னு ஐ.ஐ.டில இடம் இல்ல, நம்ம நாட்டுல நம்ம சென்னை கணிதவியல் நிறுவனம்தான் இடம் குடுத்துச்சு. அத வச்சு ஒரு எட்டு வயசுப் பையனுக்கு முடிவு எடுக்கச் சொல்லாதீங்க ப்ளீஸ்.

கரும்பலகை:
நான் அரசுப் பள்ளி ஆசிரியர், 19 வருஷ சர்வீஸ். அம்மா, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். கிட்டத்துல பொடி எழுத்து படிக்கறான், தூரத்துல போர்ட எழுத மாட்டேங்கறான். மொதல்ல பையனோட கண்ண டெஸ்ட் பண்ணுங்க. என் வகுப்புலயே இப்படி நாலஞ்சு புள்ளைங்கள பாத்திருக்கேன், எட்டு வயசுக் குழந்தைக்கு தனக்கு தெரியலங்கறதே தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலா இருக்கும்னு நினைச்சுக்கும். கண்ணு சரியா இருந்தா டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துக்கூட்டிப் படிக்க எழுத வர்ற சிரமம், இருக்கான்னு பாருங்க, அதுக்கு பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஒரு குழந்தைய வெளிய நிக்க வச்சது தப்பு, அத நான் நியாயப்படுத்த மாட்டேன்.

டிசி வாங்குனா எமிஸ்ல, அதாவது பள்ளிக்கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவேட்டுல, பையன் பேரு காமன் பூலுங்கற பொதுப் பட்டியலுக்குப் போயிடும், எந்தப் பள்ளிலயும் சேரலன்னா எங்கள மாதிரி யாராவது பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வீட்டு வாசலுக்கு வருவோம். பயந்துக்க வேணாம், 2009 கல்வி உரிமைச் சட்டத்துல வீட்லயே படிக்கறத அனுமதிக்கறதாவும் இல்ல, தண்டிக்கறதாவும் இல்ல. திரும்ப சேக்கணும்னா 14 வயசு வரைக்கும் வயசுக்கேத்த வகுப்புல அரசுப் பள்ளில சேத்தே ஆகணும், டிசி இல்லன்னு மறுக்கக்கூடாது. ஆனா ஒண்ணு யோசிங்க, ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா மெடிக்கல் இன்ஜினியரிங்ல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, காலேஜ்ல பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1000 ரூபா. வீட்ல படிச்சா அந்தக் கதவு மூடிடும், பத்து வருஷம் கழிச்சுத்தான் அது தெரியும்.

தறிவீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கரும்பலகை சார், சனிக்கிழமையே கண் ஆஸ்பத்திரி கூட்டிட்டு போனோம். ரெண்டு கண்ணுலயும் மைனஸ் ரெண்டுக்கு பக்கமா பவர் இருக்காம். கண்ணாடி போட்டு வெளிய வந்ததும் வேப்பமரத்த பாத்து "அம்மா இலை தனித்தனியா தெரியுது"ன்னான், நான் ரோட்டுலயே அழுதுட்டேன். இத்தன நாள் அவன அதட்டுனதெல்லாம் ஞாபகம் வந்துருச்சு.

இப்ப ரெண்டு வாரமாச்சு, போர்டுல இருக்கறத எழுதிட்டு வர்றான். வயித்து வலி மட்டும் முழுசா போகல, அந்த மிஸ்ஸ பாத்தா இன்னும் பயப்படறான். ஜூன்ல எங்க ஊரு பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல நாலாவது சேக்கலாம்னு இருக்கோம், நடந்து போற தூரம், வகுப்புக்கு பதினஞ்சு புள்ளைங்கதான். தோழி, அந்த ரெண்டரை மணி நேரத்துல நீங்க எத எப்ப சொல்லித்தந்தீங்கன்னு எழுதுங்களேன், சாயங்காலம் அவனோட உக்கார எனக்கு உதவும்.