டோர்க் ரெஞ்ச்: ‘முறுக்களவுச் சாவி’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

நட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு பார்த்துப் பூட்டும் கருவிதான் டோர்க் ரெஞ்ச். அதற்குத் தமிழ்ச் சொல் தேடியதில் போன கிழமை இங்கே இரண்டு சொற்கள் வந்தன. இங்கே எழுதும் ஐயா ஒருவர் ‘முறுக்குவிசைக் குறடு’ என்றார். தம்பி ஒருவர் ‘இறுக்கமானி’ என்றார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்கு வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். கடல் கூப்பிடு தூரம். மாரி தொடங்கி வாடை வீசினால் முற்றத்தில் நிற்கும் காரின் இரும்பெல்லாம் உப்புக் குடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் கன்னியா போகும் வழியில் டயர் காற்றுப் போனது. ஜக் வைத்து, சில்லைக் கழற்றப் பார்த்தால் நட் அசையவே இல்லை. அதற்கு முந்திய தடவை ஒரு கராஜில் காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் இறுக்கியிருந்தார்கள். நட்டுக் கழற்றும் சாவியின்மேல் ஏறி மிதித்தேன். நட்டோடு, அது பூட்டியிருந்த புரி வைத்த ஆணியும் முறிந்து விழுந்தது. மிச்சம் மூன்று ஆணியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்தேன். இனி என் சில்லை நானே பூட்டுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் அரை அங்குல டோர்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன்.

வாங்கிப் பழகியபின்தான் தம்பியின் சொல்லில் உள்ள சிக்கல் எனக்கு விளங்கியது. இந்தக் கருவி இறுக்கத்தை அளப்பதே இல்லை. நாம் கைப்பிடியில் கொடுக்கும் முறுக்கத்தை, அதாவது டோர்க்கைத்தான் அளக்கிறது. அந்த முறுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு போல நட்டின் அடியிலும் புரியிலும் உராய்வாகவே போய்விடும். மிச்சம் ஒரு பங்குதான் ஆணியை இழுத்துச் சில்லை இறுக்கிப் பிடிக்கிறது. புரியில் துரு ஏறியிருந்தால் உராய்வு இன்னும் கூடும். வைத்த எண் வந்துவிட்டது என்று சாவி ‘டக்’ என்று சொல்லும், ஆனால் சில்லு சரியாக இறுகியிருக்காது. கிரீஸ் பூசியிருந்தால் அதே எண்ணில் ஆணி அளவுக்கு மீறி இழுபடும். அதனால்தான் நான் கம்பித் தூரிகையால் புரியைத் துப்புரவாக்கி, காய்ந்த நிலையில் பூட்டுகிறேன். ‘இறுக்கமானி’ என்று பெயர் வைத்தால், எண் வந்துவிட்டது, இறுகிவிட்டது என்று ஒருவர் நம்பிவிடுவார். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது.

‘மானி’ என்பதிலும் ஒரு தடை உண்டு. மானி என்றால் எண்ணைக் காட்ட வேண்டும். முள் வைத்த பழைய வகை காட்டும், உண்மை. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பதோ சொடுக்கு வகை. கைப்பிடியைத் திருகி வேண்டிய எண்ணில் வைக்கிறோம். உள்ளே ஒரு சுருளிவில் அழுந்துகிறது. முறுக்கம் அந்த அளவைத் தொட்டதும் தலைப்பக்கம் சில பாகை விட்டுக்கொடுத்து ‘டக்’ என்கிறது. அது எண்ணைக் காட்டுவதில்லை, அளவு வந்துவிட்டது என்று சொல்கிறது.

ஐயாவின் ‘குறடு’ பற்றி: எங்கள் ஊரில் குறடு என்றால் வாய் பிளந்து பிடிப்பது, கம்பி வெட்டுவது, ஆணி பிடுங்குவது. இந்தக் கருவிக்கு வாயே இல்லை. நட்டின்மேல் பொருந்தும் குழலான சொக்கட்டை மாட்டித் திருப்புகிறோம், அவ்வளவுதான். ‘முடுக்கி’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆணியை முடுக்குவது நல்ல பழைய சொல். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முடுக்கம் என்பது நாங்கள் ஆர்முடுகல் என்று படித்தது. அங்குள்ளவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். சாவியில் அந்தத் தொல்லை குறைவு. இங்கே பூட்டுத் திறப்பதைத் ‘திறப்பு’ என்கிறோம், ‘பத்தாம் நம்பர் சாவி’ என்றால் ஸ்பனர்தான். தமிழ்நாட்டிலும் ‘திருகுசாவி’ புழக்கத்தில் இருக்கிறதே.

ஆகவே என் முன்மொழிவு: முறுக்களவுச் சாவி. அளவு என்ற சொல் எண்ணையும் குறிக்கும், எல்லையையும் குறிக்கும். இந்தக் கருவிக்கு இரண்டும் வேண்டும். முள் வகைக்கும் சொடுக்கு வகைக்கும் பொதுவாக நிற்கும். ‘முறுக்குவிசை’யை நான் விட்டதற்குக் காரணம், அது விசை அல்ல என்பது. விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. உயர்தர வகுப்பில் நாங்கள் முறுக்கம் என்றுதான் படித்தோம்.

அலகையும் சேர்த்தே பேச வேண்டும். என் பழைய கொரோல்லாவின் கைநூலில் சில்லு நட்டுக்கு 1050 என்று இருக்கிறது. அது கிலோகிராம்-சென்ரிமீற்றர். நியூட்டன்மீற்றரில் 103, அடி-இறாத்தலில் 76. என் சாவியில் நியூட்டன்மீற்றரும் அடி-இறாத்தலும் எதிரெதிர்ப் பக்கங்களில் பொறித்திருக்கின்றன. பக்கம் மாறி 103ஐ அடி-இறாத்தலில் வைத்தால் ஏறக்குறைய 140 நியூட்டன்மீற்றர் ஏறிவிடும். தமிழில் எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அலகை விடாமல் எழுதுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: உங்களுக்கு வேண்டிய எண் சாவியின் எல்லைகளுக்கு நடுவில் விழ வேண்டும். 40 முதல் 200 நியூட்டன்மீற்றர் வரையுள்ளது சில்லுக்குச் சரி, ஆனால் 20 நியூட்டன்மீற்றர் அளவில் பூட்டும் ஸ்பார்க் பிளக்குக்கு உதவாது, அதற்குச் சிறியது வேண்டும். கழற்றுவதற்கு இதை எடுக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் சுருளிவில் தளர்ந்து அளவு பிழைக்கும்.

பக்கத்து வீட்டுப் பொடியன் என் சாவியை இரவல் கேட்க வரும்போது இப்போது ‘அண்ணை, அந்த அளவுச் சாவி’ என்கிறான். நான் சொல்லிக் கொடுத்ததில் முறுக்கு உதிர்ந்துவிட்டது. பேச்சில் அது போதும் என்றே நினைக்கிறேன், எழுத்தில் முழுதாக வைப்போம். மட்டக்களப்பிலும் மதுரையிலும் கராஜ் வேலை செய்பவர்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எப்படி வருகிறது என்று எழுதுங்கள்.