நெய்வேலி சுரங்கத் தண்ணீர்: தெளிய விட்டால் போதுமா?

கெடிலம்:
"நெய்வேலி சுரங்கத் தண்ணீர் கடலூர் மாவட்டத்துக்குக் கிடைத்த வரம். ஏரிக்கும் வயலுக்கும் சென்னைக்கும் போகும் தண்ணீரைக் குறை சொல்பவர்களுக்கு விவரம் போதாது" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுரங்கத் தண்ணீர் என்று ஒரே தண்ணீர் கிடையாது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை ஆழ்குழாய் போட்டு இறைக்கிறார்கள், அது ஒன்று. மழைநீர் குழிக்குள் இறங்கி மேல்மண்ணையும் கரித்தூளையும் அரித்துக்கொண்டு அடியில் தேங்குகிறது, அது வேறு. அனல்மின் நிலையச் சாம்பல் குளத்தில் வழிவது மூன்றாவது. மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தால், எந்த ஊருக்கு எது வந்து சேர்கிறது என்று எப்படித் தெரியும்?

பழைய ஃபோர்மேன்:
நான் பம்ப் செக்‌ஷனில் வேலை பார்த்தவன், அதனால் சொல்றேன். இறைக்காம சுரங்கம் நடத்த முடியாது தம்பி. கரிக்குக் கீழே இருக்கிற தண்ணி சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோட மேல தள்ளிக்கிட்டு இருக்கும். 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிக்கிற அழுத்தம் அது. மேல்மண்ணை எடுத்துட்டா மேலிருந்து அமுக்குற பாரம் குறைஞ்சிடும். பம்பை நிறுத்தினா சுரங்கத் தரையே பிளந்துக்கிட்டு வரும். கீழ ஆளுங்க நிக்கிறாங்க. 1961லிருந்து ராப்பகலா பம்ப் ஓடுறது அதுக்குத்தான். அந்த ஊற்றுத் தண்ணி சுத்தமான தண்ணி, நாங்களே குடிச்சது. குழித் தண்ணியை சம்ப்பில், அதாவது குழியடியில் தண்ணி சேர்ற தொட்டியில், தெளிய விட்டுத்தான் வெளியே அனுப்புவோம். எப்படியும் வெளியே வரப்போற தண்ணியை வயலுக்கு விடுறதில் என்ன தப்பு?

பலாத்தோப்பு:
வயலுக்கு விடுவதைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை ஐயா. அதை வரம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. சுரங்கம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் துளை போட்டால் தண்ணீர் தானாகப் பொங்கியது என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மேற்கே, கடலூர் மணற்கல் என்று அழைக்கப்படும் நீர் ஊறும் பாறை வெளியே தெரியும் இடங்களில் பெய்யும் மழைதான் உள்ளே இறங்கி அந்த ஊற்றை நிரப்புகிறது. அது எல்லா ஊருக்கும் பொதுவான இருப்பு. இருப்பை எடுத்துவிட்டு அதில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பி விடுவது கொடையாகுமா?

கெடிலம்:
ஃபோர்மேன் ஐயா, தெளிய விடுவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தெளியவிட்டால் மிதக்கும் மண்ணும் தூளும் அடங்கும். படிகாரம் போட்டால் இன்னும் சீக்கிரம் அடங்கும். ஆறு, ஏரியில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கரைந்திருப்பது தெளிய வைத்தால் போகாது. பாதரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரை விதி அனுமதிக்கிறது. குடிநீருக்கான வரம்போ 0.001. வெளியேற்றும்போது விதிப்படி சரியாக இருக்கும் தண்ணீர் குடிக்கிற அளவைவிடப் பத்து மடங்கு மோசமாக இருக்கலாம். 2023இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் நெய்வேலிச் சுற்றுவட்டாரத் தண்ணீரைச் சோதித்துப் பாதரசம் பற்றி எச்சரித்தபோது, பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

பழைய ஃபோர்மேன்:
பாதரசம் கரியை எரிக்கிற இடத்துச் சங்கதி, சாம்பலும் புகையும். அதைக் கொண்டுவந்து சுரங்கத் தண்ணி மேல வைக்கலாமா? மூணையும் பிரிச்சுப் பேசணும்னு நீங்கதான் ஆரம்பிச்சீங்க. இன்னொண்ணு, நம்ம கரியில் கந்தகம் குறைவு. வெளிநாட்டுச் சுரங்கம் மாதிரி அமிலத் தண்ணி இங்க கிடையாது.

கோட்புஸ் தமிழன்:
நான் இருக்கும் கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியும் பழுப்பு நிலக்கரி பூமிதான். இங்கே தொல்லை பெரிதாக வெடித்தது சுரங்கம் ஓடியபோது அல்ல, பம்பை நிறுத்திய பிறகு. நிலத்தடி நீரை இறக்கி வைத்திருந்த காலத்தில் மண்ணிலிருந்த பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றுப் பட்டு அமிலமாகவும் கரையும் உப்பாகவும் மாறியது. 1990க்குப் பிறகு பல சுரங்கங்கள் மூடப்பட்டு நீர் திரும்ப ஏறியதும் இரும்பையும் சல்பேட் என்ற கந்தக உப்பையும் கழுவிக்கொண்டு வந்தது. ஸ்ப்ரே ஆறு சில இடங்களில் துருப்பிடித்த பழுப்பாக ஓடுகிறது. ஸ்ப்ரெம்பெர்க் அணைக்கு வரும் முன்பே ஆற்றில் சுண்ணாம்பும் திரளவைக்கும் மருந்தும் போட்டு இரும்பை அணைக்குள்ளேயே படிய வைக்கிறார்கள். அமிலமான பழைய குழி ஏரிகளில் படகில் போய்ச் சுண்ணாம்புக் கரைசல் தெளிக்கிறார்கள். இதற்கான செலவு பெரும்பாலும் அரசுப் பணம். சுண்ணாம்பு இரும்பை இறக்கிவிடும், சல்பேட்டை இந்த அளவுக்கு இறக்காது. அது பெர்லின் வரை போகிறது, அங்கே ஆற்றங்கரைக் கிணறுகளில்தான் குடிநீர் எடுக்கிறார்கள்.

இன்னொரு தலைவலியும் உண்டு. இத்தனை ஆண்டுகளாகச் சுரங்க பம்புகள் ஊற்றிய தண்ணீரால்தான் ஸ்ப்ரே ஓரளவு நிறைந்து ஓடியது. 2038க்குள் நிலக்கரியை விடுகிறார்கள். கோடையில் ஆற்றுக்கு என்ன வழி என்று இப்போது தேடுகிறார்கள். நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் போய்ச் சேரும் பரவனாற்றுக்கும் வாலாஜா, பெருமாள் ஏரிகளுக்கும் அதே கேள்வி வரும்.

பலாத்தோப்பு:
இதைத்தான் நான் கேட்க நினைத்தேன். சுரங்கத் தண்ணீரை நம்பி இரண்டு போகம் வைக்கப் பழகியவர்களுக்குச் சுரங்கம் மூடிய மறுவருடம் என்ன பதில்?

பழைய ஃபோர்மேன்:
அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனா லௌசிட்ஸ் மண் வேற, நம்ம மண் வேற. இங்க பைரைட் எவ்வளவு இருக்குன்னு தெரியாம அதே கதி வரும்னு சனங்களை மிரட்டக் கூடாது.

கெடிலம்:
தெரியாது என்றால் அளக்க வேண்டும் ஐயா. மேல்மண் கொட்டிய மலைகளில் மாதிரி எடுத்து, எவ்வளவு அமிலம் விடும், அதைத் தாங்க எவ்வளவு சுண்ணாம்புச் சத்து மண்ணிலேயே இருக்கிறது என்று சோதிப்பது ஒன்றும் புதுக் கலை இல்லை. முழுச் சுத்திகரிப்பு முடியாத காரியமும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் எமலஹ்லெனியில் 2007 முதல் நிலக்கரிச் சுரங்க நீரைச் சுண்ணாம்பிட்டு, சவ்வு வடிகட்டிகளில் அழுத்திக் குடிநீராக நகராட்சிக்கே கொடுக்கிறார்கள். மின்சாரம் நிறையச் செலவாகும், ஜிப்சக் கழிவு மலையாகச் சேரும். அதனால்தான் முதலில் பிரித்துவிடச் சொல்கிறேன். ஊற்றுநீர் தனிக் குழாயில் போனால் அதற்குப் பெரிய ஆலையே தேவைப்படாது. குழித் தண்ணீரோடு கலந்துவிட்டால் அத்தனையையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

பழைய ஃபோர்மேன்:
பிரிக்கிறதுக்கு நானும் சம்மதம். கடைசியா வெளியேறுற இடத்தில் மீட்டர் வெச்சு, கலங்கலும் அமிலத்தன்மையும் ஊர் பஞ்சாயத்து போர்டில் தினமும் எழுதிப் போடட்டும். ஆனா சித்திரை வெயில்ல வாய்க்கால்ல ஓடுற தண்ணியை நம்பி நாத்து விட்டவன்கிட்டப் போய் இது வரமில்லைன்னு என்னால சொல்ல முடியாது.

பலாத்தோப்பு:
போர்டில் பாதரசத்தையும் சல்பேட்டையும் சேர்த்து எழுதட்டும். அவை தினமும் மாறப் போவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். மாதிரி எடுக்கும்போது அந்த ஊர்க்காரர் ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும்.