மறு: ‘பேட்ச் பிராசசிங்’ – ‘தொகுதி’ வேண்டாம், ‘நிரை’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் தமிழ் இடைமுகத்துக்கான சொற்பட்டியலில், ஒரே கருவியைப் பல உள்ளீடுகளுக்கோ மதிப்புகளுக்கோ அடுத்தடுத்து ஓட்டும் ‘பேட்ச் பிராசசிங்’ என்பதற்கு நேராகத் ‘தொகுதிச் செயலாக்கம்’ என்று போட்டு முடித்துவிடலாம் என இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேறு துறைகளில் அந்தச் சொல் தடையில்லாமல் ஓடலாம். வரைபடத் தரவுக்குள் வந்ததும் அது பல இடங்களில் முட்டுகிறது. ஒருமுறை இடைமுகத்தில் ஏறிவிட்ட சொல்லைப் பிறகு இறக்குவது கடினம் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘தொகுதி’. நிலப்பட வேலையில் இந்தச் சொல்லைக் கேட்டதும் தேர்தல் தொகுதிதான் நினைவுக்கு வரும். தொகுதி எல்லைகளைப் பலகோண அடுக்காக (ஒரே வகை வடிவங்கள் கொண்ட தரவுப் படலமாக) திறந்து வைத்திருப்பவர், கருவிச் சாளரத்தின் அடியில் ‘தொகுதிச் செயலாக்கமாக இயக்கு’ என்ற பொத்தானைப் பார்த்தால், ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே ஏதோ செய்யப்போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அது வெறும் குழப்பமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அடுக்கில் உள்ள ஒவ்வொரு கூறாக (அதாவது ஒவ்வொரு வடிவமாக) எடுத்துச் செயற்படுத்தும் வசதி உண்மையிலேயே அதே சாளரத்தில், உள்ளீட்டு அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக நாம் வைக்கும் பெயர் பயனரை இன்னொரு வசதியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பின்னத்தின் மேல் எண்ணும் தொகுதி, மென்பொருளின் ‘மாட்யூல்’ என்பதற்கும் பலர் தொகுதி என்றே எழுதுகிறார்கள். இத்தனை சுமையை ஏற்கெனவே தாங்கும் சொல்லின் தலையில் இன்னொன்றை ஏற்ற வேண்டாம்.

‘தொகுப்புச் செயலாக்கம்’ என்று சற்றே மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. தமிழ் விக்கிப்பீடியா ‘எடிட்’ என்பதற்குத் ‘தொகு’ என்று வைத்து, அதை ஒரு பெரிய வாசகர் கூட்டத்துக்குப் பழக்கிவிட்டது. வரைபட மென்பொருளில் எடிட் செய்வதுதான் அன்றாட வேலை. பென்சில் படத்தை அழுத்தி அடுக்கைத் திருத்தத் தொடங்குவதைத் தொகுத்தல் என்றே பலரும் எழுதுவார்கள். போதாததற்குத் தனித்தனி வடிவங்களை ஒரே பல்பகுதிக் கூறாகச் சேர்க்கும் கருவியும் இருக்கிறது. அதற்குத் தமிழில் இயல்பாக வரும் வினையும் தொகுத்தல்தான். பேட்ச் எதையும் ஒன்றுசேர்ப்பதில்லை. பத்து உள்ளீடுகள் போனால் பத்து வெளியீடுகள் தனித்தனியாகத்தான் வெளியே வரும்.

துளை அட்டைக் காலத்தில் தொகுதி பொருத்தமான சொல்லாகத்தான் இருந்திருக்கும். பலருடைய அட்டைக் கட்டுகளைச் சேர்த்து வைத்து, கணினிக்கு ஒரே மூச்சில் ஊட்டினார்கள். சேர்த்து வைப்பதே அன்று அந்த வேலையின் சாரம். இன்று மேசைக் கணினியில் வரைபடத் தரவோடு உட்கார்ந்திருப்பவர் யாருடைய வேலையையும் சேர்த்து வைப்பதில்லை. அவர் செய்வதைப் பார்த்துத்தான் பெயரிட வேண்டும்.

என்ன செய்கிறார்? க்யூஜிஐஎஸ்ஸில் பெரும்பாலான கருவிகளைத் திறந்தால் ‘ரன் ஆஸ் பேட்ச் பிராசஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் படிவம் மறைந்து ஓர் அட்டவணை வருகிறது. கருவிக்குக் கொடுக்க வேண்டிய ஒவ்வோர் அளவுருவுக்கும் (மதிப்புக்கும்) ஒரு நெடுவரிசை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கிடைவரிசை. தலைப்புக்குக் கீழே உள்ள ‘ஆட்டோஃபில்’ பட்டியலைக் கொண்டு கோப்புகளைத் தேர்ந்து நிரப்பலாம், முதல் மதிப்பை அப்படியே கீழ்வரை இறக்கலாம், கோவை (‘எக்ஸ்பிரஷன்’ என்னும் சூத்திரம்) எழுதிக் கணக்கிடச் சொல்லலாம். பிறகு ‘இயக்கு’ என்றதும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிடைவரிசையாக ஓடுகிறது.

இந்த அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் ‘பல்கோப்புச் செயலாக்கம்’ என்று முன்மொழிந்த நண்பருக்கான பதில் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் பேட்ச் என்றால் பல கோப்புகள்தான், அது உண்மை. ஆனால் ஒரே சாலை அடுக்குக்கு 100, 250, 500, 1000 மீட்டர் தொலைவுகளில் பஃபர் (சுற்றியுள்ள பட்டை) போட வேண்டும் என்று வையுங்கள். அட்டவணையில் நான்கு கிடைவரிசைகள். நான்கிலும் உள்ளீடு ஒரே கோப்பு. மாறுவது தொலைவு மட்டும், அதோடு வெளியீட்டின் பெயர். இன்னொரு வேலையில் கோப்பும் மாறலாம், தொலைவும் மாறலாம், ஆயத்தொலை அமைப்பும் மாறலாம். எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பது வேலைக்கு வேலை வேறுபடும். எல்லா வேலையிலும் நிலையாக நிற்கும் அலகு அந்தக் கிடைவரிசை ஒன்றுதான். அதன் பெயரையே இந்தச் செயலுக்கும் வைப்போம் என்பதுதான் என் கோரிக்கை: நிரைச் செயலாக்கம்.

அணிக் கணிதத்தில் நிரை, நிரல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கிடையாகப் போவது நிரை, நெடுக்காக இறங்குவது நிரல். இலங்கைத் தமிழில் விரிதாள் பற்றி எழுதும்போதும் நிரை என்றே எழுதுகிறார்கள். அதோடு இது வெறும் அட்டவணைச் சொல்லும் இல்லை. ஆநிரை என்பதில் வரும் நிரைதான் இது. கூட்டமாக இருப்பதும் ஒழுங்காக ஒன்றையடுத்து ஒன்று நிற்பதும் ஆகிய இரண்டு பொருளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ‘பேட்ச்’ என்ற சொல்லில் கூட்டம் இருக்கிறது, வரிசை இல்லை. நம் சொல் இரண்டையும் தருகிறது. ‘நிரைநிரையாக’ என்ற வழக்கும் ‘நிரைத்தல்’ என்ற வினையும் ஏற்கெனவே இருப்பதால் சொல் வறண்டு நிற்காது.

மற்ற முன்மொழிவுகளையும் இதே தராசில் வைத்துப் பார்த்தேன். ‘அணிச் செயலாக்கம்’: ராஸ்டர் (கட்டங்களால் ஆன படத் தரவு) என்பதே ஓர் எண் அணி, ராஸ்டர் கணிப்பு என்றுதான் படிப்பார்கள். ‘திரள் செயலாக்கம்’: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புள்ளிகளைத் திரள்களாகப் பிரிக்கும் கருவிகள் பெட்டியிலேயே இருக்கின்றன. ‘ஒருசேரச் செயலாக்கம்’: எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் தொனிக்கிறது, இங்கே நடப்பது ஒன்று முடிந்து மற்றது. ‘வரிசைச் செயலாக்கம்’ கிட்டத்தட்ட சரி, ஆனால் வரிசைப்படுத்தல் என்று தடம் மாறிவிடும்.

நிரை மீது எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ரகர றகரக் குழப்பம். பேச்சில் பலருக்கு நிரையும் நிறையும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நிறை என்றால் எடை; அடுக்குகளுக்கு முக்கியத்துவ எண் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் பகுப்பாய்வில் அந்தச் சொல் தேவைப்படும். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ‘எடை’ என்று எழுதுவது ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. அதையே உறுதிப்படுத்திக்கொண்டால் ‘நிறை’ பட்டியலுக்குள் வராமலே பார்த்துக்கொள்ளலாம். நிரல் என்பது நமக்குப் ‘புரோகிராம்’ ஆகிவிட்டதால் நிரையும் அதோடு குழம்பும் என்று சிலர் சொல்லக்கூடும். அது எழுத்தில் வராது. நெடுவரிசை என்ற சொல் நிலைத்துவிட்டதால் அட்டவணைப் பேச்சிலும் நிரல் இப்போது அதிகம் தலைகாட்டுவதில்லை.

சுருக்கமாக ‘நிரையோட்டம்’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ‘புரோகிராமை ஓட்டு’ என்றுதானே பேசுகிறோம். ஆனால் நீர்வழிப் பகுப்பாய்வுக் கருவிகளில் நீரோட்டத் திசை, நீரோட்டத் திரட்சி என்று வரிசையாக வருகின்றன. சிறிய எழுத்தில் திரையில் பார்க்கும்போது நிரையோட்டமும் நீரோட்டமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதனால் பெயர்ச்சொல் ‘நிரைச் செயலாக்கம்’ ஆகவே இருக்கட்டும். பேசும்போது ‘நிரையாக ஓட்டு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதையொட்டி இரண்டு சொற்களையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நிரை தனியாக நின்று பயனில்லை.

ஒன்று ‘இட்டரேட்’. ஒரு அடுக்கில் உள்ள ஒவ்வொரு கூறையும் தனி உள்ளீடாக எடுத்துக் கருவியை மீண்டும் மீண்டும் இயக்குவது. ஆர்க்ஜிஐஎஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் மாடல்பில்டரில் இதற்கென்றே பல வகை உண்டு: கூறுகளுக்கு, ராஸ்டர்களுக்கு, கோப்புகளுக்கு, புலங்களுக்கு (பண்பு அட்டவணையின் நெடுவரிசைகளுக்கு) என்று. ‘மறுசெய்கை’, ‘மீள்செய்கை’ என்றெல்லாம் பெயர்ச்சொல் தேடுகிறோம். எனக்கு இங்கே பெயர்ச்சொல்லே தேவையில்லை என்று படுகிறது. தமிழில் ‘தோறும்’ இருக்கிறது. கூறுதோறும் இயக்கு, ராஸ்டர்தோறும் இயக்கு, கோப்புதோறும், புலந்தோறும். எதன்மேல் சுற்றுகிறது என்பதையும் சுற்றுகிறது என்பதையும் ஒரே உருபு சொல்லிவிடுகிறது. ‘ஃபார் ஈச்’ என்று நிரல்மொழிகள் இரண்டு சொல்லில் சொல்வதை நாம் சொல்லின் வாலிலேயே வைத்திருக்கிறோம். இதை விட்டுவிட்டு மீள்செய்கை என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று க்யூஜிஐஎஸ்ஸின் மாடல் டிசைனரில் நாம் வரையும் ‘மாடல்’. கத்தரித்து, வடிவப் பிழை நீக்கி, பண்புகளை இணைத்து, கடைசியில் சேமிக்கும் நான்கைந்து கருவிகளை அம்புக்குறியால் கோத்து ஒரே கருவியாக்கி வைக்கிறோமே, அது. ‘மாதிரி’ என்றால் உயர மாதிரியா, தரவு மாதிரியா, ராஸ்டரிலிருந்து மதிப்பு எடுக்கும் மாதிரியெடுப்பா என்று தெரியாது. ‘பணிக்கோவை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் கோவை நமக்கு ‘எக்ஸ்பிரஷன்’ ஆகிவிட்டது, புலக் கணிப்பியில் நாள்தோறும் எழுதுவது அதைத்தான். எனவே ‘பணித்தொடர்’. தொடர் என்றால் ஒரே நேர்கோடு, மாடலிலோ கிளைகள் இருக்கின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். மலைத்தொடருக்கும் கிளைகள் உண்டு, அதைத் தொடர் என்று சொல்ல நாம் தயங்கியதில்லை.

‘எல்லாவற்றுக்கும் தானியக்கம் என்று ஒரே சொல் போதாதா’ என்ற கேள்விக்கு: தானியக்கம் இவை அனைத்துக்கும் மேலே விரிந்த குடை. அதன் கீழே நிற்பவற்றைப் பிரித்துச் சொல்லாவிட்டால் உதவிப் பக்கம் எழுத முடியாது. 2020இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து க்யூஜிஐஎஸ்ஸின் சாளரத்தைத் திறக்காமலே, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்திலிருந்து கருவிகளையும் மாடல்களையும் இயக்க முடிகிறது. அதையும் குறித்த நேரத்தில் தானே ஓடும்படி வைத்தால் அதுவே முழுத் தானியக்கம். நிரையில் மனிதர் இன்னும் அட்டவணை முன் உட்கார்ந்திருக்கிறார்.

சொல் தாங்குமா என்று பார்க்க உதவிப் பக்கத்துக்கான ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“முதலில் ஒரேயொரு கோப்பை வைத்துப் பணித்தொடரை இயக்கி, விளைவைச் சரிபார்க்கவும். சேமித்த பணித்தொடர் கருவிப்பெட்டியில் மற்றக் கருவிகளோடு தோன்றும். அதையும் நிரைச் செயலாக்கத்தில் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நிரையிலும் உள்ளீடு, ஆயத்தொலை அமைப்பு, வெளியீட்டுப் பெயர் ஆகியவற்றை நிரப்பவும். எல்லா நிரைக்கும் பொதுவான மதிப்பை முதல் நிரையில் இட்டுக் கீழ்வரை இறக்கவும். ஒரே அடுக்கின் கூறுகளைத் தனித்தனியே கையாள விரும்பினால் நிரைச் செயலாக்கம் தேவையில்லை. ‘கூறுதோறும் இயக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வெளியீட்டை ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமிக்கவும். பழைய ஷேப்ஃபைல் கோப்பு வடிவில் புலப்பெயருக்கு 10 பைட்டு மட்டுமே இடம் உண்டு. யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு எடுப்பதால் தமிழ்ப் புலப்பெயர் மூன்று குறியீடுகளோடு அறுந்துவிடும்.”

இதே பத்தியில் நிரை வரும் இடமெல்லாம் தொகுதி என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘எல்லாத் தொகுதிக்கும் பொதுவான மதிப்பு’ என்ற இடத்தில் நின்றுவிடுவீர்கள்.

நிரல் எழுதுவோர் கவலைப்பட வேண்டாம். இடைமுகப் பெயரை எப்படி மாற்றினாலும் கருவிகளின் உள்பெயர் மாறாது, பைதானில் எழுதியவை அப்படியே ஓடும். செயலாக்க வரலாற்றிலிருந்து பைதான் கட்டளையாக நகலெடுக்கும்போதும் அந்த உள்பெயர்தான் வரும்.

பொத்தானில் எழுத ‘நிரையாக இயக்கு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘நிரைச் செயலாக்கமாக இயக்கு’ என்பது சிறிய திரையில் வெட்டுப்படும். இலங்கை நண்பர்கள் இரண்டு விஷயம் சொன்னால் உதவியாக இருக்கும்: அங்கே நிரை இப்போதும் பேச்சில் இருக்கிறதா, அல்லது விரிதாள் பாடத்தோடு நின்றுவிட்டதா? கோவை என்று எழுதினால் அலுவலகக் கோப்பு என்ற பொருள் முந்திக்கொள்கிறதா? இரண்டாவதற்குப் பதில் ஆம் என்றால், ‘எக்ஸ்பிரஷன்’ என்பதற்கும் வேறு சொல் பார்க்கத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.